கம்பத்து நிழலில் கடைசி இடம்

இந்தக் கோடைக்குள் ஒரு மரத்தை அடைந்தே தீருவது என்று பிளான்காரர் சபதம் எடுத்தபோது, அவருடைய இரண்டு கால்களும் ஒரு வாளித் தண்ணீருக்குள் இருந்தன. சபதம் எடுப்பவர்கள் எழுந்து நின்று எடுப்பதுதான் முறை. ஆனால் எழுந்து நின்றால் தண்ணீரை விட்டு வெளியே வரவேண்டும். மணி பிற்பகல் இரண்டு. அந்த நேரத்தில் அந்த அறையில் வீரத்துக்கும் ஓர் அளவு உண்டு.

தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில், அதனால் பிளான்காரர். நேரில் பேசினால் பிளான் சார். வேலை வீட்டிலேயே. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், மேற்கே பார்த்த ஒரு பெரிய ஜன்னல். காற்றோட்டம் வேண்டும் என்று அந்த ஜன்னலைப் பதினைந்து வருடத்துக்கு முன்பு தன் கைப்பட வரைந்தவரும் அவரே. காற்று இன்னும் வந்து சேரவில்லை. வெயில் மட்டும் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

இரண்டு மணி அடித்தால் சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானாகவே அணைந்துவிடும். மின்விசிறியோ, அறையில் இருக்கிற அனலையெல்லாம் ஒன்று திரட்டி அவர் தலையில் கொட்டும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு ஏசியின் பின்புறம் இவர் ஜன்னலைப் பார்த்து இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று தள்ளிய சூடு மொத்தமும் கேட்காமலே இவருக்கு வந்து சேர்ந்தது.

இதில் வேடிக்கை, அந்த ஊரிலேயே இவர் அளவுக்கு மரம் நட்டவர்கள் கிடையாது. ஒவ்வொரு வரைபடத்திலும் வீட்டைச் சுற்றி மரம் போட்டுக் கொடுப்பார். ஒரு பச்சை வட்டம், நடுவில் ஒரு புள்ளி. ஒன்றைப் போட்டு நகலெடுத்தால் ஒரே அழுத்தில் நாற்பது மரம். பார்க்கிறவர்களுக்கு மனசு குளிரும். உடனே சரி என்று சொல்லிவிடுவார்கள். வீடு கட்டி முடிக்கிறபோது அந்த நாற்பது வட்டமும் கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையாகியிருக்கும். இருபது வருடத்தில் கம்ப்யூட்டருக்குள் ஒரு காட்டையே வளர்த்துவிட்டவர், மண்ணில் ஒரு கன்று வைத்ததில்லை. அது தன் வேலையில்லை, நகராட்சி எதற்கு இருக்கிறது என்பது அவர் கட்சி.

மரச் செய்தியைக் கொண்டுவந்தது மனைவி. அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர், மதிய ஷிஃப்ட். அங்கே வருகிறவர்களை 'வாயைத் திறங்க' என்று சொல்வது அவள் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் இங்கே ஒருவரை அதற்கு நேர்மாறாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பதினோரு வருடமாக இரண்டையும் சலிக்காமல் செய்து வருகிறாள்.

"என்னங்க, நகராட்சியில தெருவுக்கு ஒரு மரம் வைக்கப் போறாங்களாம்," என்றாள் ஞாயிறு லீவில் துவைத்த துணியை மடித்துக்கொண்டே. "சின்னக் கன்னு இல்ல. ஆள் உயரத்துக்கு வளர்ந்ததைக் கொண்டுவந்து நடுவாங்களாம். ரெண்டே வருஷத்துல நிழல் வந்துடுமாம்."

"தெருவுக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு."

"எங்க வைப்பாங்க?"

"ரொம்பச் சுடற இடத்துலன்னு கேள்வி. தோட்டப் பிரிவு அம்மா ஒருத்தங்க நாளையிலேருந்து மூணு நாள் வந்து தரைச்சூடு அளக்கப் போறாங்க. நம்ம வாசல்ல ஒரு இடம், மூலையில பஸ் ஸ்டாப்ல ஒரு இடம்."

பிளான்காரரின் கால்கள் வாளிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

"அப்ப போட்டி!"

"போட்டின்னே வச்சுக்குங்களேன்."

"இதுல என்ன சந்தேகம்? நான் நாள் பூரா இங்க உக்காந்து வேகறேன். பஸ் ஸ்டாப்ல யாரு இருக்கா? வர்றாங்க, ஏறறாங்க, போறாங்க. ரெண்டு நிமிஷம் நிக்கறவங்களுக்கு எதுக்கு மரம்?"

மடித்துக்கொண்டிருந்த துண்டு அவள் கையில் சற்று நின்றது.

"ரெண்டு நிமிஷமா?"

"பின்ன? நீ ஒண்ணு நாப்பதுக்குக் கிளம்பற. ஒண்ணே முக்காலுக்கு பஸ். மெதுவா நடந்து போனா சரியா இருக்கும்."

"ஆமாங்க," என்றாள். "போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

அவள் துண்டை மடித்து முடித்து அடுத்ததை எடுத்தாள். பிளான்காரர் தன் வெற்றியை நினைத்து வாளித் தண்ணீரில் கால் விரல்களை ஆட்டினார்.

முதல் நாள் இரண்டேகாலுக்குத் தோட்டப் பிரிவு அம்மா வந்தாள். தலையில் அகலமான தொப்பி, கையில் துப்பாக்கி போல ஒரு கருவி, கக்கத்தில் ஒரு நோட்டு. வாசல் நடைபாதையைக் குறிவைத்து விசையை அழுத்தினாள். பிளான்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்பத்திரெண்டு," என்று எழுதிக்கொண்டாள்.

"நல்ல மார்க்குங்களா?"

"நல்லா சுடுது சார்."

"அப்ப மரம்?"

"வந்துடும் சார், கவலைப்படாதீங்க."

அவர் கவலைப்படாமல் இருந்திருப்பார். ஆனால் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டார். அடுத்தவர் நோட்டை எட்டிப் பார்த்து நிம்மதியாகத் திரும்பியவர் யாரும் இல்லை. பஸ் ஸ்டாப் என்று எழுதி எதிரே ஐம்பத்தாறு என்று போட்டிருந்தது.

அன்று மாலை மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் புலம்பலைத் தொடங்கிவிட்டார்.

"நாலு டிகிரி! நாலே நாலு டிகிரியில தோத்துட்டேன்!"

"ஐயோ பாவம். என்ன பண்ணப் போறீங்க?"

"பிளான் இருக்கு."

அவருக்கு எதற்குமே பிளான் இருக்கும். அதுதான் அந்த வீட்டின் பெரிய தொந்தரவு. கறுப்பு நிறம் வெயிலைக் குடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவருக்கு நினைவு வந்திருந்தது. பரணிலிருந்து பழைய கறுப்புத் தார்ப்பாய் இறங்கியது. மறுநாள் காலை எட்டு மணிக்கே அதை நடைபாதையில் விரித்தார். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் செங்கல் வைத்து அதன்மேல் இழுத்துக் கட்டினார். ஆறு மணி நேரம் வெயிலைக் குடிக்கட்டும்; அம்மா வருகிற நேரத்தில் சுருட்டி எடுத்துவிடலாம். தரை தோசைக்கல்லாக இருக்கும். இது திட்டம்.

பகல் பன்னிரண்டுக்குத் தெருநாய் ஒன்று வந்தது. தார்ப்பாயைச் சுற்றி ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு அதன் அடியில் நுழைந்து நீட்டிப் படுத்துக்கொண்டது. பிளான்காரர் ஜன்னல் வழியே பார்த்தார். வெயில் தாங்காமல் அதற்கு மூளை குழம்பிவிட்டது போலும் என்று பரிதாபப்பட்டார். நாய் இரண்டு மணி நேரம் சுகமாகத் தூங்கியது.

இரண்டு மணிக்கு நாயைக் கிளப்பிவிட்டு, தார்ப்பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். அம்மா வந்து விசையை அழுத்தினாள். கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள்.

"என்னங்க, எவ்வளவு?"

"நாப்பத்திநாலு. நேத்தைக்கு இன்னிக்கு எட்டு டிகிரி கம்மி!" அவள் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி. "எப்படி சார் பண்ணீங்க? காலையிலேருந்து நிழல் போட்டு வச்சிருந்தீங்களா?"

"நிழலா? நானா?"

"கதவுக்குப் பின்னாடி தெரியுதே, அந்தத் தார்ப்பாயா? நல்ல யோசனை சார். இந்தத் தெருவுல உங்களுக்குத்தான் அக்கறை இருக்கு. நிழல் விழுந்தா தரை எப்படிக் குளிரும்னு எல்லாருக்கும் நீங்களே எடுத்துச் சொல்லலாம்."

நாய்க்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. பாராட்டை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, கால்களை வாளியில் வைத்தார். அந்தத் தண்ணீரும் சுட்டது.

மனைவி வந்ததும் முழுக்கதையும் கேட்டாள். சிரிப்பை அடக்க அவள் முகத்தைக் கழுவிக்கொள்ளக் குளியலறைக்குப் போனாள். ஒரு முகத்தைக் கழுவ அத்தனை நேரம் ஆகாது.

"நாளைக்குத்தான் கடைசி நாள்," என்றார் அவர், கதவுக்கு வெளியே நின்று. "நாளைக்கு விடமாட்டேன். பீரோக் கண்ணாடியைக் கழட்டி வாசல்ல சாய்ச்சு வைக்கப் போறேன். வெயில் நேரா ஒண்ணு, கண்ணாடியில பட்டு ஒண்ணு. ரெண்டு வெயில்!"

"ஒரு வெயிலுக்கே ஊரு தாங்கல. நீங்க ரெண்டாவது வேற தயாரிக்கிறீங்களா?"

"உனக்கு இதோட அருமை புரியாது. நீ ஜம்முனு பஸ்ல போயிடற."

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

மூன்றாம் நாள். கண்ணாடி வாசலுக்கு வந்துவிட்டது. ஒன்று நாற்பதுக்கு மனைவி கிளம்பினாள். வழக்கம்போல 'கதவைச் சாத்திக்கங்க' என்றாள். அவர் கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்து, வெயிலைச் சரியான இடத்தில் விழவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்னங்க, மருந்து அலமாரிச் சாவியை மேசை மேலயே வச்சுட்டு வந்துட்டேன். அது இல்லாம டாக்டர் ஒண்ணும் பண்ண முடியாது. கொஞ்சம் எடுத்துட்டு ஸ்டாப்புக்கு வர்றீங்களா?"

"இப்பவா? இன்னிக்கா?"

"நாப்பது எட்டு எடுத்து வச்சா வந்துடலாமே. ரெண்டு நிமிஷம்."

நாற்பது எட்டு என்பது உண்மைதான். அந்த வீட்டில் பதினைந்து வருடம் இருந்தும் அந்த நாற்பது எட்டை அந்த நேரத்தில் அவர் வைத்ததில்லை. காலையில் பால் வாங்கப் போவார், மாலையில் காற்று வாங்கப் போவார். மத்தியானம் போக அவருக்கு ஒரு காரியமும் இருந்ததில்லை. தலைக்கு ஒன்றும் போடாமல் சாவியோடு கிளம்பினார்.

பஸ் ஸ்டாப் என்றால் ஒரு போர்டு. கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பம். அந்தக் கம்பத்தின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அகலம் ஒன்பது அங்குலம், நீளம் பன்னிரண்டு அடி. பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்வது அவருக்குக் கைவந்த பழக்கம். அந்த ஒன்பது அங்குலத்துக்குள் நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக, உடம்பை ஒடுக்கிக்கொண்டு நின்றார்கள். முதலில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி. அடுத்து, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு ஒரு பெரியவர். மூன்றாவது, துணிப் பொட்டலத்தோடு ஒரு தையல்காரம்மா. கடைசியில் அவர் மனைவி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்ன இது, கம்பத்துக்கு வால் முளைச்ச மாதிரி?"

"சாவி கொண்டாந்தீங்களா? நல்லதாப் போச்சு," என்றாள் மனைவி. "ஒரு நிமிஷம் என் இடத்துல நில்லுங்க. எதிர்க்கடையில தலைவலி மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்."

"ரோட்டுல என்ன இடம்? போனா போகுது."

அவள் அதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்துவிட்டாள்.

அவர் வரிசைக்குள் நிற்கவில்லை. ஒரு கம்பத்துக்குப் பின்னால் ஒடுங்கி நிற்பதற்கு அவர் என்ன பல்லியா? விறைப்பாக வெளியே நின்றார்.

"உள்ள வாங்க சார்," என்றாள் தையல்காரம்மா.

"இருக்கட்டும்மா. இதோ பஸ் வந்துடும்."

மற்ற இருவரும் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் நிமிடம் கண்ணாடியின் சாய்மானத்தைப் பற்றி யோசித்தார். இரண்டாவது நிமிடம் உச்சந்தலையில் யாரோ இஸ்திரிப் பெட்டியை வைத்தது போல இருந்தது. மூன்றாவது நிமிடம் செருப்பு வழியே சூடு ஏறியது. காலை மாற்றி மாற்றி வைத்தார். நான்காவது நிமிடம், மானம் கொஞ்சம், உயிர் பெரிது என்று வரிசைக்குள் நுழைந்துவிட்டார். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நிழலில் உட்கார்ந்துதான் சொல்கிறார்கள்.

ஆனால் நுழைந்தும் பயனில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைமுதல் கால்வரை நிழல். தள்ளிப் போகப் போக நிழல் கீழே இறங்கிவிடும். கடைசி இடத்தில் பாதத்துக்கு மட்டும்தான் நிழல். தலைக்கு முழு வெயில்.

"நகருங்க," என்றாள் தையல்காரம்மா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் அரை அடி நகர்ந்தார்கள். சூரியன் நகர்கிறது, நிழலும் நகர்கிறது, இவர்களும் நகர்கிறார்கள். அவர் மட்டும் ஒரு நொடி பிந்தினார்.

"ஏம்மா, இந்தக் கடைசி இடத்துல நிழலே இல்லையே?"

"அது இல்லாத இடம்தான் சார். அது உங்க வீட்டம்மா இடம்."

"தினமுமா?"

"தினமும். இந்த வரிசையே அவங்க போட்டதுதானே? முன்னாடியெல்லாம் முந்தறவங்களுக்குத்தான் நிழல். ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்குவோம். அவங்கதான் ஒரு நாள் சொன்னாங்க, மாசமா இருக்கறவங்க முதல்ல, வயசானவங்க அடுத்தது, அப்புறம் மத்தவங்கன்னு."

"அப்ப அவ ஏன் கடைசி?"

"நானும் கேட்டேன் சார். ஒழுங்கு போட்டவளே முன்னாடி நின்னா யாரு கேப்பாங்கன்னாங்க."

பிளான்காரர் சாலையைப் பார்த்தார். பஸ்ஸின் அடையாளமே இல்லை. போர்டில் ஒன்றே முக்கால் என்று எழுதியிருந்தது. கையில் கடிகாரம் ஒன்று ஐம்பத்தைந்து என்றது.

"பஸ் எப்பத்தான் வரும்?"

"வர்றப்ப வரும் சார். சில நாள் ரெண்டு, சில நாள் ரெண்டேகால். போன கோடையில ஒரு நாள் ரெண்டரைக்கு வந்துச்சு. அன்னிக்குத்தானே உங்க வீட்டம்மா மயங்கி விழுந்துட்டாங்க. இதோ, இந்த இடத்துலதான். முழங்கையெல்லாம் சிராய்ச்சு ரத்தம்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "வீட்டுல சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தாள். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருந்தாள். 'பார்த்து நடக்கக் கூடாதா, கண்ணு எங்க இருக்கு?' என்று இவர் கேட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டு, அன்று அறையில் எவ்வளவு வெக்கை என்பதை அவளிடமே அரை மணி நேரம் விவரித்திருந்தார். அவள் முழங்கையில் மருந்து போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெயிலில் வந்த சிவப்போடு அதுவும் சேர்ந்துகொண்டதால் வெளியே தெரியவில்லை. எத்தனை வரைபடங்களில் பஸ் ஸ்டாப்புகளை வரைந்திருக்கிறார்! அழகுக்காகப் பக்கத்தில் இரண்டு ஆட்களையும் நிற்கவைத்திருக்கிறார். அந்த ஆட்களுக்குத் தலை சுடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. நாற்பது எட்டுத் தொலைவில், பதினோரு வருடம், தன் வீட்டு ஆளே நின்றிருக்கிறாள். கண்ணு எங்க இருக்கு என்ற கேள்வியை யாரிடம் கேட்டிருக்கவேண்டும் என்று இப்போது தெரிந்தது.

"நகருங்க," என்றாள் தையல்காரம்மா. இந்தத் தடவை அவர் பிந்தவில்லை.

அப்போதுதான் தோட்டப் பிரிவு அம்மா வந்தாள். தரையில் கருவியை நீட்டினாள். "அம்பத்தெட்டு," என்று எழுதினாள். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து வரிசையைப் பார்த்தாள்.

"மரத்துக்குப் பொறுப்பாளர் கையெழுத்து வேணும். பக்கத்துல குடியிருக்கணும். பகல் முழுக்க வீட்டுல இருக்கறவங்களா இருக்கணும். யாராவது இருக்கீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் பஸ் பிடித்து எங்கேயோ போகிறவர்கள், எங்கிருந்தோ வருகிறவர்கள். கர்ப்பிணி பெருமூச்சு விட்டாள். பெரியவர் கம்பத்தை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

பிளான்காரர் தாளை வாங்கிப் படித்தார். காலையில் இரண்டு வாளி. மாலை ஐந்து மணிக்கு இரண்டு வாளி. இரண்டு கோடை முடியும்வரை ஒரு நாளும் தவறக்கூடாது. கன்று சாய்ந்தால் நிமிர்த்திக் கட்டவேண்டும். ஆடு மாடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அவர் மனசுக்குள் ஒரு யுத்தம் நடந்தது. ஒரு பக்கம் முன்னறை, மேற்கு ஜன்னல், இரண்டு மணிக்கு மயங்குகிற கம்ப்யூட்டர், சுடுகிற வாளித் தண்ணீர். வாசலில் கண்ணாடி வேறு தயாராகச் சாய்ந்திருக்கிறது; இன்னும் பத்து நிமிடம் பொறுத்தால் அறுபது டிகிரி காட்டி ஜெயித்துவிடலாம். மறுபக்கம் பாதத்துக்கு மட்டும் நிழல் விழுகிற இந்த இடம்.

யுத்தம் நீடிக்கவில்லை. அவர் முதுகை நிமிர்த்தினார். நெற்றி வியர்வையைச் சுண்டி எறிந்தார்.

"எங்க வீட்டு வாசலுக்கு வரவேண்டிய மரம் அது," என்றார், நான்கு பேருக்கும் கேட்கும்படி. "பரவாயில்ல. இங்கயே வைங்க. தண்ணி நான் ஊத்தறேன்."

தோட்டப் பிரிவு அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு இருமினாள். "பெரிய மனசு சார்," என்று பேனாவை நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். வரைபடங்களில் போடுவதைவிடப் பெரிதாகப் போட்டார். தையல்காரம்மா பொட்டலத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள். பெரியவர் தன் இடத்தை விட்டுத் தள்ளி, "நீங்க இப்படி வாங்க தம்பி, ரொம்பச் சிவந்துட்டீங்க," என்றார். ஐம்பது வயதில் தம்பி என்று கேட்க அவருக்குச் சுகமாக இருந்தது. ஆனாலும் அவர் கடைசி இடத்தை விடவில்லை.

இரண்டு ஐந்துக்கு பஸ் வந்தது. சரியாக அதே நேரத்தில் மருந்துக் கடையிலிருந்து மனைவியும் வந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் கர்ப்பிணியைக் கைபிடித்து ஏற்றி, பெரியவரை ஏற்றி, தானும் கடைசியாக ஏறிவிட்டாள். ஜன்னல் வழியே கையை மட்டும் ஆட்டினாள்.

அவர் வீட்டுக்கு வந்து வாசல் கண்ணாடியை எடுத்தபோது அதற்குள் ஒரு தக்காளி தெரிந்தது. அது தன் மூக்கு என்று புரிய சற்று நேரமாயிற்று.

பிற்பகல் முழுவதும் அவர் வேலை பார்க்கவில்லை. மனைவியிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தார். முதலில் ஒன்றும் சொல்லாமல் கொஞ்சநேரம் மௌனமாக இருப்பது. பிறகு, அவள் கேட்டால், சாதாரணமாகச் சொல்வது. அவள் கண் கலங்கினால், 'இதுல என்ன இருக்கு' என்பது. இவ்வளவும் தயாராக வைத்திருந்தார். அவள் உள்ளே நுழைந்ததும், மௌனத்தை மறந்துவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் பையைக் கீழே வைக்காமல் முழுவதும் கேட்டாள். பிறகு ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து அவர் கழுத்தில் போட்டாள். மூக்கில் லேசாகக் களிம்பு தடவினாள். அவள் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. 'இதுல என்ன இருக்கு' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"விழுந்ததை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? நாளையிலேருந்து டாக்சியில போன்னு சொல்லியிருப்பீங்க. நானும் போயிருப்பேன். மத்தவங்க எங்க போவாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொன்னது சரி. அதைத்தான் சொல்லியிருப்பார், சொல்லிவிட்டு, தான் எவ்வளவு நல்ல கணவன் என்று பத்து நாள் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

"தலைவலி மாத்திரை வாங்க இருபது நிமிஷமா?" என்றார் திடீரென்று நினைவு வந்து.

"கடையில ஃபேன் இருந்துச்சு. அதுக்குக் கீழ உக்காந்து உங்களையேதான் பார்த்துட்டு இருந்தேன். கூப்பிடலாமான்னு ரெண்டு தடவை எழுந்தேன். அப்பதான் நீங்க வரிசைக்குள்ள போனீங்க. சரி, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்னு உக்காந்துட்டேன்."

சாவி எப்படி மேசையிலேயே தங்கியது என்பதும் அவருக்கு அப்போது விளங்கியது. கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஈரத் துண்டு சுகமாக இருந்தது. ஆனால் முழுத் தோல்வியோடு ஒரு மனிதன் எப்படி சாப்பிட உட்கார்வது? கொஞ்சம் கௌரவத்தையாவது கையில் மிச்சம் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"எது எப்படியோ, நான் பண்ணினது சின்ன விஷயமில்ல. கண்ணாடி வச்சிருந்தேன். இன்னிக்கு நிச்சயம் நான்தான் ஜெயிச்சிருப்பேன். கைக்கு வந்த மரத்தை உனக்காக விட்டுக் கொடுத்திருக்கேன். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?"

அவள் களிம்பு டப்பாவை மூடினாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பொய்யோடு மரம் வளர்க்கவேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

"அந்த அளவெல்லாம் அவங்க கணக்குக்குங்க. மரம் வளர்ந்தப்புறம் சூடு எவ்வளவு குறைஞ்சுதுன்னு பார்க்க இப்பவே எழுதி வச்சுக்கறாங்க. எல்லாத் தெருவுலயும் ரெண்டு ரெண்டு இடத்துல எழுதறாங்க."

"அப்ப போட்டி?"

"போட்டின்னது நீங்க. நான் வச்சுக்குங்கன்னுதான் சொன்னேன்."

"அப்ப மரத்துக்கு இடம்?"

அவள் அவர் கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

"இடம் போன மாசமே முடிவாயிடுச்சு. தண்ணி ஊத்தற ஆளுதான் இன்னிக்கு முடிவாச்சு."